பொண்ணுக்கு கோ-எட் ஸ்கூலா, கேர்ள்ஸ் ஸ்கூலா: எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில முடிவு பண்ணணும்

பொண்ண பிரைவேட் செகண்டரி ஸ்கூல்ல சேர்க்கணும்னு பேச்சு ஆரம்பிச்ச உடனே வீட்ல வர்ற முதல் கேள்வி இதுதான், பசங்களும் படிக்கற ஸ்கூலா, பொண்ணுங்க மட்டும் படிக்கறதா. அந்த கேள்விய கடைசிக்கு தள்ளுங்கன்னு சொல்லத்தான் இத எழுதறேன்.

என் பெரிய பொண்ணுக்கு நான் இத தலைகீழா பண்ணேன். கேர்ள்ஸ் ஸ்கூல்தான்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு, அதுல நல்ல பேர் இருக்கறத தேடி சேர்த்துட்டேன். மூணு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அவ ஆசைப்பட்ட ஃபிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டையும் சேர்த்து மேல் வகுப்புல எடுக்க அங்க வழியே இல்லன்னு. சின்னவளுக்கு வரிசைய மாத்தி பண்ணேன், அப்புறம் சொந்தத்துலயும் ஃபிரெண்ட்ஸ்லயும் சில குடும்பங்களோட கூடவே போய் பாத்தேன். எல்லாரும் தடுக்கி விழறது ஏறக்குறைய அதே இடங்கள்லதான்.

1. ஸ்கூல் பேரை எழுதறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

பொண்ணோட கடைசி ரெண்டு வருஷ ரிப்போர்ட் கார்டு. மார்க்குக்காக மட்டும் இல்ல, டீச்சர் எழுதின ரிமார்க்ஸுக்காக. "நல்லா படிக்கிறா, வாய திறக்க மாட்டேங்கறா"ன்னு ரெண்டு வருஷமா ரெண்டு டீச்சர் எழுதியிருந்தா அது மார்க்கை விட பெரிய தகவல்.

ஒரு காலண்டர். ஒவ்வொரு ஸ்கூலோட அப்ளிகேஷன் தேதி, என்ட்ரன்ஸ் தேதி, ரிசல்ட் தேதி, டெபாசிட் கட்ட வேண்டிய தேதி எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதுங்க. ஏன்னா ஒரு ஸ்கூல் பணம் கட்ட சொல்ற தேதி இன்னொரு ஸ்கூலோட ரிசல்ட்டுக்கு முன்னாடி வரும், அப்போ பயத்துல கட்டிட்டு அதுக்கப்புறம் வந்த நல்ல இடத்தை விட்டவங்க நிறைய பேர். டெபாசிட் திரும்ப வருமா வராதான்னு முன்னாடியே எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

ஒரு நோட்டு, ஸ்கூலுக்கு ஒரு பக்கம், எல்லா பக்கத்துலயும் அதே கேள்விகள். ஒரு இடத்துல லேப் பத்தி கேட்டு இன்னொரு இடத்துல டான்ஸ் கிளாஸ் பத்தி கேட்டுட்டு வந்தா ரெண்டையும் ஒப்பிடவே முடியாது, எந்த ஆபீஸ்ல சிரிச்சு பேசினாங்கங்கறது மட்டும்தான் மனசுல நிக்கும்.

2. வீட்ல பெரியவங்க பயத்தை கேள்வியா மாத்துங்க

அம்மா, அப்பா, முடிவுல பேச்சு இருக்கற தாத்தா பாட்டி, ஒவ்வொருத்தரும் தனித்தனியா தங்களோட மூணு கவலைய எழுதட்டும். ஒண்ணா உக்காந்து பேசினா சத்தமா பேசறவங்க கவலைதான் வீட்டு கவலையா ஆயிடும், அதனாலதான் தனித்தனியா.

வழக்கமா வர்றது இதுங்கதான்: "பசங்க இருந்தா கவனம் சிதறும்", "பாதுகாப்பு", "நாளைக்கு காலேஜ்ல, வேலையில பசங்களோட பேச தெரியாம நிப்பா". இத வச்சு சண்டை போடாதீங்க, ஒவ்வொண்ணையும் ஸ்கூல்கிட்ட கேக்கற கேள்வியா மாத்துங்க. கவனம்னா, ஃபோன் ரூல் என்ன, கிளாஸ்ல எத்தனை பேர், டீச்சர் வராத பீரியட்ல யாரு வர்றாங்க. பாதுகாப்புன்னா, பஸ்ல கடைசி ஸ்டாப் வரைக்கும் பெரியவங்க ஒருத்தர் இருக்காங்களா, கேட்ல யாரு, புகார் யாருகிட்ட போகும். பழக்கம்னா, கேர்ள்ஸ் ஸ்கூலா இருந்தா வெளி ஸ்கூல் பசங்களோட சேர்ந்து டிபேட், குவிஸ், சயின்ஸ் ப்ராஜெக்ட் ஏதாவது பண்றாங்களா.

இப்படி மாத்தி எழுதினா ஒண்ணு கண்ணுக்கு தெரியும், இதுல பாதிக்கு மேல பதில் அந்த குறிப்பிட்ட ஸ்கூலை பொறுத்தது, கோ-எட்டா இல்லையாங்கறத பொறுத்தது இல்ல.

3. பொண்ண பத்தி அஞ்சு வரி

இது சின்ன வேலை மாதிரி இருக்கும், ஆனா இத விட்டவங்கதான் பின்னாடி ரொம்ப வருத்தப்பட்டாங்க. போன ஒரு வருஷத்துல நீங்க கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. டவுட் வந்தா யாருகிட்ட கேக்கறா, ஃபிரெண்டோட சண்டை வந்தா எத்தனை நாள் ஆகுது சரியாக, யாரும் சொல்லாம தானா எந்த புக்கை எடுக்கறா, விளையாட போறாளா, எங்க அமைதியா ஆயிடறா.

கடைசி கேள்விதான் முக்கியம். பசங்க இருக்கற இடத்துல மட்டும் அமைதியாகற பொண்ணு வேற, எல்லா இடத்துலயும் அமைதியா இருக்கற பொண்ணு வேற. முதல் பொண்ணுக்கு கேர்ள்ஸ் ஸ்கூல் உதவலாம். ரெண்டாவது பொண்ணுக்கு வேண்டியது சின்ன கிளாஸும் பொறுமையான டீச்சரும், அது எந்த ஸ்கூல்ல இருந்தாலும் சரி.

அதே மாதிரி, பொண்ணோட கஷ்டமே பொண்ணுங்க கூட்டத்துக்குள்ளதான்னு வைங்க, சேர்த்துக்காம ஒதுக்கறது, பேசாம இருக்கறது, பின்னாடி பேசறது. அப்போ வருஷத்துக்கு ஒரே செக்‌ஷன் இருக்கற சின்ன கேர்ள்ஸ் ஸ்கூல் வேண்டாம்னு நான் தைரியமா சொல்வேன். அதே இருபத்தஞ்சு பேர் ஆறேழு வருஷம், ஒரு குரூப்போட முறிஞ்சா ஒதுங்கி போக இன்னொரு கிளாஸ் கிடையாது. செக்‌ஷன் எத்தனைன்னு எல்லா ஸ்கூல்லயும் கேளுங்க.

4. முதல் வடிகட்டல்: தூரம், மொத்த செலவு, பாடம்

இது மூணையும் நேர்ல போறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, நேர்ல போய் பிடிச்சு போச்சுன்னா அப்புறம் தூரம் கண்ணுக்கு தெரியாது.

தூரத்தை மேப்ல பாக்காதீங்க, ஸ்கூல் நாள்ல காலையில அதே நேரத்துக்கு ஒரு தடவை போய் பாருங்க. ஒரு வழிக்கு ஒரு மணி நேரம்னா ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், அது தூக்கத்துல இருந்தோ விளையாட்டுல இருந்தோதான் போகும். ஸ்கூல் முடிஞ்சப்புறம் நடக்கற ப்ராக்டிஸ், கிளப் எல்லாத்துக்கும் இருந்தா திரும்பி வர பஸ் இருக்கான்னும் கேளுங்க. இல்லன்னா பிராஸ்பெக்டஸ்ல இருக்கற பாதி விஷயம் உங்க பொண்ணுக்கு கிடையாது.

செலவுல முதல் வருஷ ஃபீஸை பாக்காதீங்க, படிச்சு முடிக்கற வரைக்கும் கூட்டுங்க. போன மூணு வருஷத்துல ஃபீஸ் எவ்வளவு ஏறிச்சுன்னு கேளுங்க. பஸ், யூனிஃபார்ம், டூர், எக்ஸாம் ஃபீஸ் தனியா வரும். ஸ்காலர்ஷிப் குடுத்தா அது அடுத்த வருஷமும் தொடர எவ்வளவு மார்க் வேணும்னு எழுத்துல வாங்குங்க.

பாடம்தான் நான் கோட்டை விட்ட இடம். மேல் வகுப்புல என்னென்ன பாடம் சேர்த்து எடுக்கலாம்னு லிஸ்ட்டை இப்பவே வாங்கிடுங்க, பொண்ணு இப்போ ஆறாவதா இருந்தாலும் சரி. சின்ன ஸ்கூல்ல நாலஞ்சு பேர் மட்டும் கேக்கற பாடத்துக்கு தனி டீச்சர் போட மாட்டாங்க, இது கேர்ள்ஸ் ஸ்கூலுக்கும் கோ-எட்டுக்கும் பொதுதான். லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதாது, "போன வருஷம் இந்த பாடம் நடந்துச்சா, எத்தனை பேர்"ன்னு கேளுங்க.

5. போர்டுல இருக்கற பேருக்கு பின்னாடி என்ன இருக்கு

கோ-எட்ங்கறது ஒரே மாதிரி இல்ல. பசங்களும் பொண்ணுங்களும் சரிபாதி இருக்கற இடம் இருக்கு. பல வருஷம் பாய்ஸ் ஸ்கூலா இருந்துட்டு சமீபத்துல மாறினதால ஒரு கிளாஸ்ல முப்பது பையனுக்கு ஏழு பொண்ணுன்னு இருக்கற இடமும் இருக்கு. பேருக்கு கோ-எட், ஆனா செக்‌ஷன் தனித்தனி, மதிய இடைவேளையும் தனித்தனின்னு இருக்கும். சில இடத்துல கேர்ள்ஸ் ஸ்கூல்னு சேர்த்தா மேல் வகுப்புல மட்டும் பசங்க வருவாங்க.

அதனால கேக்க வேண்டியது ஒண்ணுதான், "என் பொண்ணு சேரப்போற வகுப்புல இன்னைக்கு எத்தனை பொண்ணு எத்தனை பையன், கடைசி வருஷத்துல எத்தனை". முப்பதுக்கு ஏழுன்னு இருந்தா, அந்த ஏழு பேருக்குள்ள ஃபிரெண்ட் கிடைக்கலன்னா அவ தனியாதான் இருப்பா, டீம் கேம் ஆட ஆள் சேராது, குரூப் வொர்க்ல ஒவ்வொரு குரூப்லயும் ஒரே ஒரு பொண்ணு. பாதிக்கு பாதி இருக்கற கோ-எட்டை பத்தி யாரோ சொன்ன நல்லத கேட்டுட்டு இங்க சேர்க்கக்கூடாது.

6. ஆராய்ச்சி சொல்றது என்ன, சொல்லாதது என்ன

"கேர்ள்ஸ் ஸ்கூல்ல மார்க் ஜாஸ்தி வரும்னு ஆராய்ச்சியே சொல்லுது"ன்னு ஒருத்தர் சொல்வாங்க, "அதெல்லாம் பொய்னு நிரூபிச்சுட்டாங்க"ன்னு இன்னொருத்தர் சொல்வாங்க. நான் இதுல நிறைய நேரம் செலவழிச்சு படிச்சேன், ஏன்னா என் வீட்லயே இந்த ரெண்டு கட்சியும் இருந்துச்சு.

2014ல 21 நாடுகள்ல இருந்து 184 ஆய்வுகளை, மொத்தம் 16 லட்சம் மாணவர்களோட தகவலை ஒண்ணா சேர்த்து பாத்தாங்க. குடும்ப பின்னணி, முன்னாடியே இருந்த படிப்பு நிலை இதெல்லாம் சரியா கணக்குல எடுத்த ஆய்வுகளை மட்டும் பாத்தா, ரெண்டு வகைக்கும் நடுவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சது அந்த மாதிரி கணக்குல எடுக்காத ஆய்வுகள்லதான். நல்லா படிக்கற பொண்ணுங்களை என்ட்ரன்ஸ் வச்சு பொறுக்கி எடுத்தா ரிசல்ட் நல்லாதானே வரும்.

ஆனா எல்லா இடத்துலயும் அப்படியே இல்ல. தென்கொரியாவுல சியோல்ல பிள்ளைங்களை அவங்க ஏரியாவுக்குள்ள குலுக்கல் முறையில ஹைஸ்கூலுக்கு அனுப்பினாங்க, பெத்தவங்க பொறுக்கி எடுக்கறதுங்கற குழப்பம் அங்க கம்மி. அந்த தகவலை வச்சு 2013ல வந்த ஆய்வுல தனி ஸ்கூல்ல, அதாவது பசங்க மட்டும் இல்ல பொண்ணுங்க மட்டும் இருக்கற ஸ்கூல்ல, படிச்சவங்க காலேஜ் என்ட்ரன்ஸ்ல மேல வந்தாங்க. கரீபியன் தீவு நாடான டிரினிடாட் அன்ட் டொபேகோவுல 2012ல வந்த ஆய்வு வேற மாதிரி சொல்லுது, பெரும்பாலான பிள்ளைங்களுக்கு எந்த லாபமும் இல்ல, ஆனா தனி ஸ்கூல்தான் வேணும்னு உறுதியா கேட்டவங்களுக்கு, முக்கியமா பொண்ணுங்களுக்கு, நல்லது நடந்துச்சு.

பாட விஷயத்துல பாருங்க. இங்கிலாந்துல 2011 கணக்குப்படி அரசு செலவுல நடக்கற கோ-எட் ஸ்கூல்கள்ல 49 சதவீதத்துல இருந்து ஒரு பொண்ணு கூட ஏ-லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) ஃபிசிக்ஸுக்கு போகல, கேர்ள்ஸ் ஸ்கூல் பொண்ணுங்க போறது கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. ஆனா அதே டிரினிடாட் ஆய்வுல கேர்ள்ஸ் ஸ்கூல் பொண்ணுங்க சயின்ஸ் பாடம் எடுக்கறது கம்மி. ஒரு நாட்ல கூடுது, இன்னொரு நாட்ல குறையுது.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, வகையை வச்சு உங்க பொண்ணுக்கு எதையும் கணிக்க முடியாது. நீங்க பாக்கற ரெண்டு ஸ்கூல்லயும் போன வருஷம் எத்தனை பொண்ணு ஃபிசிக்ஸ், கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாங்கன்னு கேட்டு வாங்கற நம்பர், இந்த 184 ஆய்வை விட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

7. ரிசல்ட் போர்டை படிக்கற முறை

வாசல்ல நூறு சதவீதம்னு பேனர் இருக்கும். கேக்க வேண்டியது, எக்ஸாம் எழுதினது எத்தனை பேர், அந்த பேட்ச்ல முதல்ல ஸ்கூல்ல சேர்ந்தது எத்தனை பேர். தொண்ணூறு பேர் சேர்ந்து அறுபத்தஞ்சு பேர் எழுதினா நடுவுல இருபத்தஞ்சு பேர் எங்க போனாங்க? சில பேர் வீடு மாறி போயிருக்கலாம். மார்க் கம்மின்னு டிசி வாங்க வச்சாங்களான்னு பழைய பெற்றோர்கிட்ட விசாரிங்க, ஆபீஸ்ல இதுக்கு பதில் வராது.

ரெண்டாவது, முதல் மார்க் வாங்கின பொண்ணை காட்டுவாங்க, நீங்க நடு மார்க் பொண்ணுங்களை பத்தி கேளுங்க. உங்க பொண்ணு எழுபது வாங்கறவன்னா, எழுபதோட உள்ள வந்தவங்க என்ன மார்க்கோட வெளிய போனாங்கங்கறதுதான் உங்களுக்கு வேணும்.

கோ-எட்ல பொண்ணுங்க ரிசல்ட்டை தனியா கேளுங்க. பாடவாரியாவும். சராசரி ரொம்ப நல்லா இருக்கற ஒரு ஸ்கூல்ல இப்படி பிரிச்சு கேட்டப்போ, சயின்ஸ் பக்கம் பொண்ணுங்களே ரெண்டு மூணு பேர்தான்னு தெரிஞ்சு, கூட வந்த தங்கச்சி அங்கயே நோட்டை மூடிட்டா.

8. கிளாஸ் ரூம்ல இருபது நிமிஷம்

ஓபன் டேக்கு போங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. அன்னைக்கு எல்லா ஸ்கூலும் நல்ல ஸ்கூல்தான். சாதாரண நாள்ல ஒரு கிளாஸ்ல பின்னாடி உக்காந்து பாக்க விடுவீங்களான்னு கேளுங்க. கணக்கோ சயின்ஸோ இருந்தா நல்லது. விடல்லன்னா ஒரு நாள் பொண்ணை மட்டும் கிளாஸ்ல உக்கார வைக்க முடியுமான்னு கேளுங்க, சில ஸ்கூல்ல இதுக்கு ஒத்துக்கறாங்க.

உள்ள போனா அழகான போர்டு, ப்ரொஜெக்டர் எல்லாம் பாக்க வேண்டாம், எண்ணுங்க. நோட்டுல கோடு போட்டு எண்ணுங்க. டீச்சர் எத்தனை கேள்வி கேட்டாங்க, யாரு கை தூக்கினா, யாரை கூப்பிட்டாங்க, கை தூக்காதவங்களை எத்தனை தடவை கூப்பிட்டாங்க, தப்பா சொன்னா என்ன பண்ணாங்க.

கோ-எட்ல பாக்க வேண்டியது, பையன் கத்தி பதில் சொன்னா டீச்சர் ஏத்துக்கிட்டு போயிடறாங்களா, இல்ல கை தூக்கின பொண்ணுக்கு திரும்பி வர்றாங்களா. லேப்ல இன்னும் நல்லா தெரியும். யாரு கையில சாமான் இருக்கு, யாரு கையில நோட்டு இருக்கு. நாலு பேர் குரூப்ல பையன் ஒயரை மாட்ட, பொண்ணு ரீடிங்கை அழகா எழுதிக்கிட்டே இருந்தா, மூணு குரூப்ல அப்படியே இருந்தா, அத ஸ்கூல் கவனிக்கலன்னு அர்த்தம். கவனிக்கற ஸ்கூல்ல டீச்சரே வேலைய மாத்தி மாத்தி குடுப்பாங்க, அந்த மாதிரி கோ-எட்டை நான் பாத்திருக்கேன், ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

கேர்ள்ஸ் ஸ்கூல்ல சாமான் பொண்ணு கையிலதான் இருக்கும், அது நிஜமான லாபம். ஆனா அங்க வேற ஒண்ணை பாருங்க, சாமானே வெளிய வருதா, இல்ல டீச்சர் மேஜையில பண்ணி காட்ட எல்லாரும் எழுதிக்கறாங்களா. "நம்ம பொண்ணுங்க ரொம்ப அமைதி, சொன்னா கேப்பாங்க"ன்னு ஹெட் பெருமையா சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள சந்தேகம் வரும். பொண்ணுங்க கேள்வி கேக்கற சத்தம் கேக்கணும்.

பலர் பண்ற தப்பு, ரெண்டு ஸ்கூல்ல வேற வேற பாடம் பாக்கறது. ஒரு இடத்துல டிராமா கிளாஸ், இன்னொரு இடத்துல கணக்கு கிளாஸ் பாத்துட்டு முதல் ஸ்கூல்ல பொண்ணுங்க தைரியமா இருக்காங்கன்னு முடிவு பண்ணா அது ஒப்பீடே இல்ல.

9. கிரவுண்ட், டாய்லெட், பதவி

ஸ்போர்ட்ஸ் டைம்டேபிளை வாங்கி பாருங்க. கோ-எட்ல கிரவுண்ட் எந்த நாள் யாருக்கு, பொண்ணுங்க டீமுக்கு தனி கோச் இருக்காங்களா, போன வருஷம் எத்தனை மேட்ச் ஆடினாங்க. கேர்ள்ஸ் ஸ்கூல்ல கிரவுண்டுக்கு பசங்களோட போட்டி கிடையாதுதான், ஆனா கிரவுண்டே இருக்கா. பதிமூணு பதினாலு வயசுல பொண்ணுங்க விளையாட்டை விடறது ரொம்ப சாதாரணம், அந்த வயசு கிளாஸ்ல எத்தனை பேர் இன்னும் டீம்ல இருக்காங்கன்னு கேட்டா ஸ்கூலோட நிஜ அக்கறை தெரிஞ்சிடும்.

டாய்லெட்டை கண்டிப்பா பாருங்க, கூச்சப்படாதீங்க. தாழ்ப்பாள் வேலை செய்யுதா, தண்ணி வருதா, மூடி போட்ட குப்பை தொட்டி இருக்கா, பேட் வேணும்னா யாருகிட்ட போகணும், கிளாஸ் நடுவுல போகணும்னா எல்லார் முன்னாடியும் கேக்கணுமா. பொண்ணுங்களுக்கு வளர்ச்சி பசங்களை விட ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கும், பதினோரு வயசுலயே இது தினசரி விஷயம். இது சரியில்லாத ஸ்கூல்ல பொண்ணுங்க தண்ணி குடிக்காம இருந்து பழகிடறாங்க.

பதவியும் அப்படித்தான். கோ-எட்ல கடைசி அஞ்சு வருஷ கேப்டன் பேர் சுவர்ல எழுதியிருக்கும், பொண்ணுங்க வருஷா வருஷம் வைஸ் கேப்டன் மட்டும்னா தெரிஞ்சுக்கலாம். யூனிஃபார்ம் ரூல் புக்கை வாங்கி, பசங்களுக்கு எத்தனை வரி, பொண்ணுங்களுக்கு எத்தனை வரின்னு பாருங்க. பேன்ட் போட அனுமதி உண்டான்னு கேளுங்க.

10. ஒரு புகார் வந்தா என்ன நடக்கும்

"எங்க ஸ்கூல்ல புல்லியிங்கே கிடையாது"ன்னு சொன்னா அந்த ஸ்கூல் மேல எனக்கு நம்பிக்கை போயிடும். பிள்ளைங்க கூடற இடத்துல இது இருக்கும், கவனிச்சா கண்ணுல படும். "கடைசியா வந்த ஒரு புகாரை பேர் சொல்லாம சொல்லுங்க, யாருகிட்ட வந்துச்சு, எத்தனை நாள்ல முடிஞ்சுது, புகார் குடுத்த பொண்ணு இன்னும் அதே கிளாஸ்ல இருக்காளா"ன்னு கேளுங்க. பதில் ரெடியா வந்தா அங்க ஒரு முறை இருக்கு.

ரெண்டு இடத்துலயும் வர்ற பிரச்சனை கொஞ்சம் வேற வேற வடிவம். கோ-எட்ல உடம்பை பத்தின கமென்ட், ஃபோட்டோ எடுத்து அனுப்பறது இதெல்லாம் கேக்கணும். கேர்ள்ஸ் ஸ்கூல்ல ஒதுக்கி வைக்கறது, மெசேஜ் குரூப்ல இருந்து தூக்கறது, உடம்பு எடை பத்தின பேச்சு, மார்க் போட்டி. பசங்க இல்லங்கறதால பாதுகாப்புன்னு நினைச்சு இந்த கேள்விய விடறதுதான் நான் பாத்ததுல அடிக்கடி நடக்கற தப்பு. ஆபத்து பெரியவங்ககிட்ட இருந்தும் வரலாம், அதனால ஸ்டாஃப் மேல புகார் வந்தா யாருகிட்ட போகணும், அவங்க பேர் சுவர்ல ஒட்டியிருக்கான்னு ரெண்டு இடத்துலயும் பாருங்க. கவுன்சலர் தினமும் இருக்காங்களா, வாரத்துக்கு ஒரு நாள் வர்றாங்களா.

ஸ்கூல் விடற நேரத்துல கேட்டுக்கு வெளிய அரை மணி நேரம் நில்லுங்க. பெரிய கிளாஸ் பொண்ணுங்க எப்படி பேசிக்கிட்டு வர்றாங்க, தனியா வர்ற பிள்ளைங்க எத்தனைன்னு அங்கதான் தெரியும்.

11. இப்போ அந்த கேள்வி

இவ்வளவும் முடிஞ்சா லிஸ்ட்ல ரெண்டு, அதிகம் போனா மூணு ஸ்கூல் மிஞ்சும். மார்க் போட்டு கூட்டாதீங்க. நல்ல கிரவுண்டுக்கு கிடைச்ச மார்க், புகாருக்கு சரியான பதில் இல்லாததை மறைச்சிடும். எது இல்லன்னா வேண்டவே வேண்டாமோ அத வச்சு தட்டி விடுங்க.

மிஞ்சினது ஒண்ணு கோ-எட், ஒண்ணு கேர்ள்ஸ்னா, மூணாவது படியில எழுதின அஞ்சு வரிய எடுங்க. பசங்க முன்னாடி மட்டும் சுருங்கற பொண்ணு, அந்த கோ-எட்லயும் லேப்ல நோட்டுதான் பொண்ணுங்க கையில இருந்துச்சுன்னா, கேர்ள்ஸ் ஸ்கூலை எடுங்க. பொண்ணுங்க கூட்டத்துல அடிபட்டவ, பசங்களோட சகஜமா விளையாடறவ, கோ-எட்ல பாதிக்கு பாதி இருக்குன்னா அங்க போங்க. ரெண்டும் இல்லன்னா டீச்சர் நிலைச்சு இருக்கற இடத்தை எடுங்க, போன ரெண்டு வருஷத்துல கணக்கு, சயின்ஸ் டீச்சர் எத்தனை பேர் மாறினாங்கன்னு கேட்டா போதும்.

கேர்ள்ஸ் ஸ்கூல் எடுத்தா வெளிய ஒரு இடம் ஏற்பாடு பண்ணுங்க, பசங்களும் பொண்ணுங்களும் வர்ற ஸ்விம்மிங், செஸ், மியூசிக் கிளாஸ் எதாவது. கோ-எட் எடுத்தா அதே மாதிரி பொண்ணுங்க மட்டும் இருக்கற ஒரு டீம். எந்த பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் மொத்தமா மூடிடக்கூடாது.

12. பொண்ணுகிட்ட கேக்கற முறை

"உனக்கு பசங்க இருக்கற ஸ்கூல் வேணுமா"ன்னு கேக்காதீங்க. வேணும்னு சொன்னா நீங்க என்ன நினைப்பீங்கன்னு யோசிச்சுதான் பதில் சொல்வா. நேர்ல போய்ட்டு வந்த அன்னைக்கு சாயங்காலம், "மதிய இடைவேளைல எங்க உக்காருவன்னு தோணுச்சு, யாருகிட்ட டவுட் கேப்ப, எந்த கிளாஸ் போரடிச்சுது"ன்னு கேளுங்க. நீங்க நினைக்கறத முன்னாடியே சொல்லிடாதீங்க.

கடைசி ரெண்டு ஸ்கூலும் உங்களுக்கு சம்மதம்தான்னா முடிவை அவகிட்ட விடுங்க, அதுவும் நிஜமா விடுங்க. உங்களுக்கு ஒத்து வராத ஒண்ணை லிஸ்ட்ல வச்சுட்டு கேக்கறது மாதிரி நடிச்சா பன்னெண்டு வயசு பிள்ளைக்கு கூட புரிஞ்சிடும். அந்த டிரினிடாட் ஆய்வுல உறுதியா விரும்பி போனவங்களுக்குத்தான் பலன் கிடைச்சுதுங்கறத நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.

13. சேர்த்த பிறகு முதல் டேர்ம்

முதல் மூணு நாலு வாரம் எந்த ஸ்கூலா இருந்தாலும் அழுகை, தலைவலி, "பழைய ஸ்கூலுக்கே போறேன்" எல்லாம் வரும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. முதல் டேர்ம் முடியறப்போ மூணு விஷயம் பாருங்க: பேர் சொல்லி பேசற ஃபிரெண்ட் ஒருத்தராவது இருக்காங்களா, ஒரு டீச்சரையாவது பிடிச்சிருக்கா, முன்னாடி தானா எடுத்த புக்கை இன்னும் எடுக்கறாளா. மூணுமே இல்லன்னா கிளாஸ் டீச்சரை பாருங்க, செக்‌ஷன் மாத்த முடியுமான்னு கேளுங்க, ஸ்கூல் மாத்தறது அதுக்கப்புறம்.

மேல் வகுப்புக்கு போறப்போ ஸ்கூல் மாத்த ஒரு வாய்ப்பு வரும், பல பிரைவேட் ஸ்கூல்ல அந்த வருஷம் புது அட்மிஷன் எடுப்பாங்க. அதுக்கான அப்ளிகேஷன் தேதி எல்லாரும் நினைக்கறதுக்கு முன்னாடியே வந்துடும், அதனால அதுக்கு முந்தின வருஷ ஆரம்பத்துலயே காலண்டர்ல குறிச்சு வச்சுடுங்க. என் பெரியவ அப்படித்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கற ஸ்கூலுக்கு மாறினா, கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃபார்ம் குடுத்து.